புரோக்கன் ஹில்: வழியில் ஒரு இரவா, தங்கிச் சுற்ற ஐந்து இரவா?

வந்த கேள்வி இதுதான். சிட்னியில் வசிக்கும் ஒரு குடும்பம் ஜூலைப் பள்ளி விடுமுறையில் காரில் அடிலெய்டு போகிறது. பத்து வயதை ஒட்டிய இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, எல்லோரும் ஒரே காரில். வழியில் புரோக்கன் ஹில்லில் ஒரு இரவு மட்டும் தூங்கிவிட்டுக் கிளம்புவது திட்டம். "அது ஒரு பழைய சுரங்க ஊர்தானே, அங்கே கூடுதலாக ஒரு நாள் இருந்தால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

என் பதில்: ஒரு நாள் கூட்டாதீர்கள், முடிந்தால் ஐந்து இரவு தங்குங்கள். ஊருக்குள் பார்க்க ஐந்து நாள் இருக்கிறது என்று சொல்லவில்லை. ஊருக்கு இரண்டு நாள் போதும். மீதி நாட்களில் காலையில் ஒரு திசையில் கிளம்பி மாலையில் அதே அறைக்குத் திரும்புங்கள். நியூ சவுத் வேல்ஸின் தூர மேற்கைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மருத்துவமனை, சூப்பர் மார்க்கெட், மெக்கானிக், டயர் கடை எல்லாம் இருக்கும் ஊர் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான். சுமார் 17,500 பேர் வாழ்கிறார்கள். சிட்னியிலிருந்து 1,150 கிலோமீட்டர், அடிலெய்டிலிருந்து 500க்குச் சற்று மேல். வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தினம் ஒரு மோட்டலில் பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டுவதைவிட, சமையலறை உள்ள ஒரு வீட்டை ஐந்து நாளைக்கு எடுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

முதல் நாளை ஊருக்கே கொடுங்கள். இந்தச் சுரங்கம் என்ன, எப்படி வந்தது என்று தெரியாமல் சுற்றப் போனால் வெளியே இருப்பதெல்லாம் வெறும் வறண்ட காடாகத்தான் தெரியும். தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு திசையும் ஒரு கதை சொல்லும். தண்ணீர் ஒரு பக்கமிருந்து வந்தது, விறகு இன்னொரு பக்கமிருந்து, ரயில் மூன்றாவது பக்கமிருந்து. இந்த ஊர் பிழைத்திருந்ததே நான்கு பக்கமும் கையை நீட்டித்தான்.

1883ல் சார்ல்ஸ் ராஸ்ப் என்பவர் இங்கே மவுண்ட் கிப்ஸ் என்ற ஆட்டுப் பண்ணையில் எல்லை வேலிகளைச் சுற்றிவந்து கவனிக்கும் வேலை பார்த்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர். வெட்டவெளி நடுவே கரடுமுரடாக நின்ற ஒரு கருப்புக் குன்றில் தகரத் தாது இருக்கலாம் என்று நினைத்தார். பண்ணையில் இருந்தவர்கள் ஏழு பேர் சேர்ந்து பணம் போட்டு நிலத்தைப் பதிவு செய்தார்கள். கிடைத்தது தகரம் இல்லை. வெள்ளி, ஈயம், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த, உலகத்தின் மிகப் பெரிய தாதுப் படிவங்களில் ஒன்று. இரண்டு முனையும் பூமிக்குள் இறங்க, நடு வளைவு மட்டும் மேலே தலைகாட்டிய பூமராங் வடிவம் அதற்கு. 1885ல் அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் இன்று உலகம் முழுக்கச் சுரங்கம் நடத்தும் பிஎச்பி. அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் இந்த ஊரைக் குறிப்பவை. 1939ல் அந்த நிறுவனம் இங்கிருந்து கிளம்பிவிட்டது. வேறு நிறுவனங்கள் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கின்றன. ஊருக்குப் பெயர் கொடுத்த குன்றுதான் இல்லை, மொத்தமாகத் தோண்டி எடுத்தாயிற்று.

குன்று இருந்த வரிசையில் இப்போது ஊரை இரண்டாகப் பிரித்தபடி கழிவு மேடுகள் நிற்கின்றன. அதன் உச்சிக்குக் காரிலேயே போகலாம். அங்கே சுரங்கத் தொழிலாளர் நினைவிடம் இருக்கிறது. வேலையில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர், வயது, இறந்த காரணம் எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். பாறை சரிந்தது, குழியில் விழுந்தது, வெடி விபத்து, ஈய விஷம். பிள்ளைகளை அழைத்துப் போய் நிதானமாகப் படிக்க வையுங்கள். பதின்வயதுப் பையன்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. அங்கிருந்து கீழே பார்த்தால் தகரக் கூரை வீடுகளும் நேர்க்கோட்டில் போகும் தெருக்களும் முழுசாகத் தெரியும். தெருப் பெயர்களே வேதியியல் புத்தகம்: ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு, சல்பைடு, புரோமைடு, ஐயோடைடு.

நினைவிடத்தைப் பார்த்த கையோடு சல்பைடு தெருவில் இருக்கும் தொழிற்சங்கக் கட்டடத்தையும் பாருங்கள். 1919ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 1920 வரை, ஏறக்குறைய 18 மாதம் நீடித்தது. பட்டினி கிடந்து நடத்திய போராட்டம். அதன் முடிவில் நிலத்தடித் தொழிலாளர்களுக்கு வாரம் 35 மணி நேர வேலை கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மற்ற தொழிலாளர்கள் அதைக் கனவில்கூட நினைக்காத காலம் அது. மேலே அந்தச் சுவரில் உள்ள பெயர்களைப் படித்துவிட்டு இங்கே வந்தால் ஏன் அப்படி உறுதியாக நின்றார்கள் என்பது தானாகப் புரியும். 2015ல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் முழு ஊராகச் சேர்க்கப்பட்ட முதல் ஆஸ்திரேலிய நகரம் இதுதான். கட்டட அழகும் அதற்கு ஒரு காரணம், ஆனால் இந்தத் தொழிலாளர் வரலாறு அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஊருக்குள் இன்னும் மூன்று இடங்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று, விமான நிலையத்தில் இருக்கும் பறக்கும் மருத்துவர் சேவையின் தளம். பார்வையாளர்களுக்கென்று தனிக் கூடம் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பண்ணை வீட்டுக்கு மருத்துவர் எப்படிப் போகிறார் என்று பிள்ளைகள் அங்கே தெரிந்துகொள்வார்கள். இரண்டாவது, 1904ல் தொடங்கிய ஓவியக் கூடம். சிட்னிக்கு வெளியே அந்த மாநிலத்தில் இதுதான் மிகப் பழையது. மூன்றாவது, வடக்குப் பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு தகர மசூதி. ரயிலும் லாரியும் வராத காலத்தில் உள்நாட்டுக்குள் சாமான் கொண்டுபோனது ஒட்டகங்கள். அவற்றை ஓட்டியவர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும், இன்றைய பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தொழுத இடம் அது. அது இப்போது அருங்காட்சியகம், எல்லா நாளும் திறப்பதில்லை, கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்த இடம் மனசில் நிற்கும் என்று நினைக்கிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்து மனிதர்கள் இந்தப் பாலைவனத்தில் பொதி சுமந்து வாழ்ந்திருக்கிறார்கள் என்பது பாடப்புத்தகத்தில் வருவதில்லை.

ஊரின் விளிம்பைச் சுற்றி வேலியிட்ட புதர்க்காடு ஒன்று வரும். பெரும்பாலானோர் அதைக் கவனிக்காமலே காரை ஓட்டிப் போய்விடுவார்கள். எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்தது அதுதான். உலைகளுக்கும் கொதிகலன்களுக்கும் சுற்றியிருந்த முல்கா மரங்களை வெட்டினார்கள். மிச்சமிருந்த செடிகளை ஆடும் முயலும் தின்று தீர்த்தன. மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாமல் போக, புழுதிப் புயலில் மணல் வந்து வீட்டு வேலிகளை மூடியது. சுரங்கத்தில் வேலை பார்த்த ஆல்பர்ட் மோரிஸ் என்பவரும் அவர் மனைவி மார்கரெட்டும் உள்ளூர்ச் செடிகளைப் பல வருடம் கவனித்துப் படித்தவர்கள். வேலி போட்டு ஆட்டையும் முயலையும் வெளியே நிறுத்தினால் போதும், இந்த மண்ணுக்குரிய செடிகள் தாமாகவே திரும்ப வரும் என்று ஆல்பர்ட் சொன்னார். 1936ல் ஒரு சுரங்க நிறுவனம் சம்மதித்து அவர் சொன்னபடி வேலி போட்டது. நடவும் செய்தார்கள், ஆனால் பெரும்பகுதி தானாகத்தான் முளைத்தது. 1939ல் அவர் இறந்துவிட்டார். அந்தப் பச்சை வளையம் இன்றும் ஊரைப் புழுதியிலிருந்து காக்கிறது. வேலிக்கு உள்ளே எப்படி, வெளியே எப்படி என்று ஓரமாக நின்று பாருங்கள், அப்போதுதான் அவர் செய்தது என்ன என்று தெரியும்.

சரி, இனி வெளியே.

மேற்கே 25 கிலோமீட்டரில் சில்வர்டன். அரை நாள் போதும். புரோக்கன் ஹில்லுக்கு முன்பே வெள்ளி கிடைத்த ஊர் அது. 1880களின் நடுவில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். பக்கத்தில் பெரிய படிவம் கிடைத்ததும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், சிலர் வீட்டையே பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது சில கல் கட்டடங்கள், ஒரு பழைய சிறைச்சாலை, ஒரு ஹோட்டல், ஓவியர்களின் கூடங்கள், தெருவில் நடக்கும் கழுதைகள். இன்னும் ஐந்து கிலோமீட்டர் போனால் முண்டி முண்டி சமவெளியைப் பார்க்கும் மேடு. குன்றுகள் சட்டென்று முடிந்து, கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான நிலம். போகும் வழியில் பிரியும் மண்சாலையில் டேட்ரீம் என்ற பழைய சுரங்கம் இருக்கிறது. வழிகாட்டியோடு கீழே இறங்கலாம். தலை முட்டும் பாதை, செங்குத்தான படிகள். பிள்ளைகளுக்கு இது மறக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருப்பது நல்லது.

ரயில் வந்ததும் இந்த மேற்குப் பக்கத்திலிருந்துதான். நியூ சவுத் வேல்ஸ் அரசு தண்டவாளம் போட முன்வரவில்லை. தெற்கு ஆஸ்திரேலியா எல்லை வரை தன் தண்டவாளத்தைக் கொண்டுவந்தது, மீதித் தூரத்தை ஒரு தனியார் நிறுவனம் போட்டு 1888ல் இணைத்தது. தாது அந்த வழியாகக் கடற்கரையில் இருக்கும் போர்ட் பிரி உலைக்குப் போனது. சிட்னியோடு ரயில் இணைப்பு 1927ல்தான் முழுமையானது. அதனால்தான் இன்றும் இந்த ஊரின் கடிகாரம் அடிலெய்டு நேரத்தில் ஓடுகிறது, சிட்னியைவிட அரை மணி நேரம் பின்னால். சில்வர்டனும் அப்படியே. ஆனால் கிழக்குப் பக்கத்து ஊர்களான மெனிண்டியும் வில்கேனியாவும் சிட்னி நேரம். சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்யும்போது "எந்த ஊர் நேரம்?" என்று கேட்டுவிடுங்கள். கைப்பேசி தானாக மாற்றிக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

தென்கிழக்கே 110 கிலோமீட்டர் தார்ச்சாலையில் மெனிண்டி. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சுரங்கமும் ஊரும் பல பத்தாண்டுகள் குடித்தது பெரும்பாலும் இந்தப் பக்கத்துத் தண்ணீர்தான். ஆரம்ப காலத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோதெல்லாம் டைபாய்டு வந்தது, ரயிலில் தண்ணீர் ஏற்றி வந்தார்கள். 1950களில் டார்லிங் ஆற்றிலிருந்து குழாய் போட்டார்கள். அந்த ஆற்றை அதன் உரிமைக் குடிகளான பார்க்கிண்டி மக்கள் பாக்கா என்று அழைக்கிறார்கள். ஆறு வற்றத் தொடங்கியதும் 2019ல் தெற்கே மர்ரி ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்னொரு குழாய் வந்தது. ஊருக்குத் தண்ணீர்க் கவலை தீர்ந்தது. ஆற்றுக்குத் தீரவில்லை. 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும், மறுபடி 2023 மார்ச்சிலும் மெனிண்டியில் லட்சக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. அந்தக் கரையில் நின்று உள்ளூர்க்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். மேல்பகுதியில் பாசனத்துக்கு எவ்வளவு எடுக்கிறார்கள், ஏரிகளில் எவ்வளவு தேக்குகிறார்கள் என்பது அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. காவிரிக் கரைக்காரர்களுக்கு அந்தப் பேச்சு அந்நியமாக இருக்காது.

ஏரிகளில் தண்ணீர் இருக்கும் வருடமானால் பெலிகன்களும் அன்னங்களும் கூட்டமாக இருக்கும், தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்கள் மாலை வெயிலில் தனி அழகு. பக்கத்திலேயே கின்சேகா தேசியப் பூங்கா. அங்கே 1875ல் கட்டிய ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை இருக்கிறது. 1967 வரை அறுபது லட்சம் ஆடுகள் அந்தக் கொட்டகைக்குள் போய் வந்திருக்கின்றன. உள்ளே போனால் மரத்தரையில் கம்பளி எண்ணெய் ஊறிய வாசனை இன்னும் இருக்கிறது.

வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டரில் முத்தவிஞ்சி தேசியப் பூங்கா. ஐந்து நாளில் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குகள், நிழலில் தேங்கி நிற்கும் குளங்கள், பாறையில் செதுக்கிய விலங்குகளின் உருவங்கள், கையை வைத்து நிறம் ஊதிய பதிவுகள். பல ஆயிரம் வருடமாக மக்கள் கூடி விழா நடத்திய இடம். 1983ல் மண்ணின் மக்கள் சாலையை மறித்து, எங்கள் இடத்தை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். 1998ல் திரும்பக் கிடைத்தது, அந்த மாநிலத்தில் அப்படித் திரும்பக் கொடுக்கப்பட்ட முதல் தேசியப் பூங்கா இது. முக்கியமான செதுக்கல்களும் ஓவியங்களும் உள்ள பகுதிக்கு வழிகாட்டியோடு மட்டுமே போகலாம், அதற்கு முன்பதிவு வேண்டும். கட்டணம் கூடுதலாகத் தோன்றினாலும் விட்டுவிடாதீர்கள். நீங்களாக நடந்தால் பாறைகளைப் பார்ப்பீர்கள், அந்த இடத்துக்கு உரியவர் பக்கத்தில் நின்று சொல்லும்போதுதான் அதன் கதை கிடைக்கும். ஹோம்ஸ்டெட் பள்ளத்தாக்கு நடைபாதையில் வழிகாட்டி இல்லாமலே போகலாம்.

அங்கே போகும் சாலையில் பெரும்பகுதி மண். காய்ந்திருந்தால் உயரமான சாதாரணக் கார் மெதுவாகப் போய்விடும். மழை பெய்தால் ஃபோர் வீல் டிரைவ்கூட வழுக்கும், சாலையையே மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் பெரிய அபராதம். அபராதத்தைவிட முக்கியம், நீங்கள் கிழித்துவிட்டுப் போகும் பள்ளத்தில்தான் பண்ணைக்காரர் அடுத்த பல வாரம் ஓட்ட வேண்டும். அதனால் முத்தவிஞ்சிக்கு ஒரு தேதியை மட்டும் குறித்து வைக்காமல் வானத்தைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் தங்கியிருப்பதன் பெரிய வசதியே இதுதான். வாடகைக் கார் என்றால் மண்சாலையில் காப்பீடு செல்லுமா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் செல்லாது.

வைட் கிளிஃப்ஸ் பற்றியும் கேட்பீர்கள். ஓபல் கல் எடுக்கும் ஊர், கோடை வெயிலுக்குப் பயந்து மக்கள் நிலத்தைக் குடைந்து உள்ளே வீடு கட்டியிருக்கிறார்கள். கோடையானாலும் குளிரானாலும் உள்ளே 22 டிகிரி அளவில் சுகமாக இருக்கும். புரோக்கன் ஹில்லிலிருந்து தார்ச்சாலையில் போனால் ஒரு வழியே 290 கிலோமீட்டர், ஒரே நாளில் போய்த் திரும்புவது தண்டனை. நீங்கள் சிட்னியிலிருந்து வரும்போதே வில்கேனியாவில் வடக்கே திரும்பி, அங்கே நிலத்தடி விடுதியில் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள். வில்கேனியாவிலும் இறங்கிப் பாருங்கள். நீராவிப் படகுகள் கம்பளி மூட்டைகளோடு ஆற்றில் போன காலத்தில் பெரிய துறைமுகம் அது. படகுக்கு வழிவிட நடுப்பகுதி மேலே தூக்கும் 1896ஆம் வருடத்துப் பாலம் அப்படியே நிற்கிறது.

டிபூபர்ராவையும் மாநில எல்லை மூலையான கேமரன் கார்னரையும் இந்த முறை விட்டுவிடுங்கள். வடக்கே 335 கிலோமீட்டர், அதற்கும் அப்பால் மண். முங்கோ ஏரியும் அப்படித்தான். 42,000 வருடத்துக்கு முன் புதைக்கப்பட்ட மனிதர்களின் எலும்புகள் கிடைத்த இடம், கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அதற்குத் தெற்கே இருக்கும் மில்டுரா என்ற ஊரில் தங்கித் தனியாக வருவதுதான் சரி.

ஒரு மாலையை புரோக்கன் ஹில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு குன்றின் மேல் செலவிடுங்கள். 1993ல் பல நாட்டுச் சிற்பிகள் வந்து அங்கேயே தங்கிச் செதுக்கிய 12 மணற்கல் சிற்பங்கள் நிற்கின்றன. சூரியன் இறங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்விடுங்கள், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பகல் 15 டிகிரிக்கு மேல் இதமாக இருக்கும், இரவு 5 டிகிரி அளவுக்கு இறங்கும். குளிராக இருக்கிறதே என்று கோடைக்குத் தள்ளிப் போட வேண்டாம். ஜனவரியில் 40 டிகிரி தாண்டும் நாட்களில் முத்தவிஞ்சியில் நடப்பது ஆபத்து.

பயண ஏற்பாட்டில் சிலவற்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொழுது சாயும் நேரத்திலும் இருட்டிலும் ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள். கங்காரு, ஈமு, காட்டு ஆடுகள் சாலையோரம்தான் மேயும். சிட்னியிலிருந்து வரும் வழியில், கோபார் என்ற ஊருக்கும் வில்கேனியாவுக்கும் நடுவே 260 கிலோமீட்டரில் எம்டேல் என்ற ஒரே ஒரு சாலையோர நிறுத்தம்தான் உண்டு, கோபார் பெட்ரோல் பங்க்கிலேயே நிரப்பிவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஊரைத் தாண்டினால் கைப்பேசிச் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போகிறீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். ஆளுக்கு ஐந்து லிட்டராவது தண்ணீர் காரில் இருக்கட்டும். ஊருக்குள் மண்ணில் ஈயம் கலந்திருப்பதால் பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்தால் சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். உள்ளூர்க் குடும்பங்களும் இதைத்தான் கடைப்பிடிக்கின்றன.

சாப்பாட்டுக்கு, சைவம் சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் அரிசி, பருப்பு, மசாலாப் பொடிகள், சின்ன குக்கர் கொண்டுபோங்கள். காய்கறி அங்கேயே வாங்கலாம். ஆனால் கடைசி நாளுக்கு மீதம் வைக்காதீர்கள். அடிலெய்டு போகும் நெடுஞ்சாலையில் ஊட்லவிரா என்ற இடத்தில் பழ ஈ சோதனைச் சாவடி இருக்கிறது. பழம், தக்காளி, பச்சை மிளகாய் எதுவும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போக முடியாது, மறைத்தால் அபராதம். கிளம்பும் நாள் காலையிலேயே இருப்பதை எல்லாம் போட்டு ஒரு தக்காளி சாதம் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.